சின்ராசு அண்ணன் மொட்டையடித்த மரங்கள்

ராசிங்காபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கும் சின்ராசு அண்ணன் இருபது வருஷம் மலைமேல் ஏலத்தோட்டங்களில் மரமேறியவர். மழை தொடங்குவதற்கு முன்னால், ஏலச்செடிக்கு மேலே அடர்ந்திருக்கும் கிளைகளை வெட்டி வெளிச்சம் இறங்கச் செய்வதுதான் அவர் வேலை. வைகாசி பிறந்தால் அவர் கை சும்மா இருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலை வேலையை விட்டார். மனைவி முத்துப்பேச்சி அக்காவுக்குத் தாய்வீட்டில் கொடுத்த செம்மண் நிலம் சும்மா கிடந்தது. வரப்போரம் மரம் வளர்த்தால் அரசாங்கம் கன்றை இலவசமாகக் கொடுக்கும், பிழைத்து நிற்கும் கன்றுக்கு வருஷா வருஷம் மானியமும் உண்டு என்றார்கள். வேங்கையும் மகோகனியும் வாங்கி நட்டார். நடுவில் கடலை போட்டார்.

அக்கா ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டாம் வருஷம் ஆபீசர் வந்து பார்க்கும்போது கன்றுகள் தேறினால் நிலம் அண்ணன் கையில் இருக்கும். தேறாவிட்டால் செங்கல் சூளைக்காரருக்குக் குத்தகை. அண்ணன் பழையபடி மலைக்கு ஜீப்பு ஏற வேண்டியதுதான்.

கன்றுகள் ஆள் உயரம் தாண்டின. இந்த வைகாசியில் மலைமேல் மேகம் கட்டியதைப் பார்த்ததும் அண்ணன் அரிவாளை எடுத்துவிட்டார். அக்கா கஞ்சியோடு போனபோது வரப்பு முழுக்க வெறும் குச்சிகள்.

“என்னய்யா, எல்லாத்துக்கும் மொட்டையடிச்சு வச்சிருக்க? பழனிக்கு நேந்துக்கிட்டியா?”

“மழைக்கு முன்னாடி கெளையக் கழிச்சு விட்டாத்தான புள்ள, மரம் நல்லா வரும்?”

“அது வளந்த மரம்யா! இது பச்சப்புள்ள. ஆபீசர் வந்தா எதக் காட்டுவ, குச்சியவா?”

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு குச்சிக்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

அடுத்த வாரம் வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஆபீசர் பவித்ரா ஸ்கூட்டரில் வந்தார். வரப்பைப் பார்த்துவிட்டு, “கன்னு எங்கண்ணே?” என்றார்.

“இதாம்மா.”

“எல்லாம் பட்டுப் போச்சேண்ணே. நான் என்னன்னு எழுதட்டும்?”

ஒரு வாரமாக அண்ணனைத் திட்டித் தீர்த்த அக்காதான் முன்னால் வந்தார். “பட்டுப் போகல ஆத்தா. இந்த மனுசன் ஏலத்தோட்டம்னு நெனச்சு வெட்டிப்புட்டாரு. கிட்ட வந்து பாரு.”

பவித்ரா சிரித்துவிட்டார். முதல் கன்றின் பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே ஈரப்பச்சை. அடுத்ததிலும் பச்சை. அதற்கடுத்தது காய்ந்து பழுப்பாக இருந்தது. அண்ணன் பின்னாலேயே நடந்தார். வடக்கு வரப்பில் ஒரு வேங்கையின் கணுவில் கடுகளவு துளிர் வந்திருந்தது.

“மொளைக்குதுண்ணே!” என்றார் பவித்ரா. “முக்கால்வாசி உசுரோடதான் இருக்கு, இந்த வருசம் தேறிருச்சு. பட்டதுக்குப் பதிலா வேற கன்னு தர்றேன், வெரசா நட்டுருங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் அரிவாளத் தொடக் கூடாது.”

“தொட்டா கையக் கழிச்சு விட்டுர்றேன்,” என்றார் அக்கா.

மறுநாள் காலையில் சூளைக்காரர் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினார். அண்ணன் வீட்டில் இல்லை. புதுக் கன்றுகளுக்குக் குழி தோண்டப் போயிருந்தார்.

“என்ன தங்கச்சி, குத்தகைக்கு எழுதிக்கலாமா?”

“செங்கலுக்கு வேற எடம் பாருங்கண்ணே. எங்க மண்ணுல எங்க வீட்டுக்காரருக்குச் சோலி கெடக்கு.”