பின்னால் யாரும் இல்லை

போர் முடிந்து நெப்ராஸ்கா திரும்பியவர்களில் ஆர்லோ கெஸ்லரைப் போலத் தூக்கத்துக்கு ஏங்கியவன் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். ஆனால் அவனுக்குத்தான் தூங்கக் கொடுத்து வைக்கவில்லை. விடியுமுன் எழுந்து வெண்ணெய்த் தொழிற்சாலையில் பால் கேன்களைக் கழுவ வேண்டும். பிறகு மீசை முளைக்காத பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதியியல் கேட்க வேண்டும். சாயங்காலம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துச் சேற்றில் முட்டி மோத வேண்டும். போருக்குப் போய் வந்தவன் என்பதால் கல்லூரிச் செலவை அரசாங்கமே பார்த்துக்கொண்டது. பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் அந்த அமெரிக்க ஃபுட்பாலை ஆடித்தான் ஆக வேண்டும் என்று யாரும் அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை.

கல்யாணமான மாணவர்களுக்குக் கல்லூரி கொடுத்திருந்த தகர டிரெய்லர் வீட்டில், அவனுடைய வீங்கிய முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி அவன் மனைவி நடீன் அதைத்தான் கேட்டாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"ஏன் ஆர்லோ, உனக்கு என்ன தலையெழுத்தா? சண்டைல உதை வாங்கினது போதாதா?"

"அந்த இடம் என்னோடது நடீன்."

"எந்த இடம்?"

"சென்டர். இத்தாலில சேத்துல கெடந்தப்போ அத நெனச்சுக்கிட்டேதான் கெடந்தேன். அப்பா நெலத்த வித்துட்டாரு, அம்மா போயிட்டாங்க. அது ஒண்ணாவது நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கும்னு நெனச்சேன்."

அதுவும் அப்படியே இருக்கவில்லை.

சென்டர் என்பவன் தரையில் இருக்கும் பந்தின் மேல் குனிந்து, கால்களுக்கு நடுவே அதைப் பின்பக்கம் கொடுக்கிறவன். எதிராளியின் முதல் அடியும் அவனுக்குத்தான். போருக்கு முன்னால் எங்கள் கல்லூரி ஆடிய முறையில், பந்தை வாங்குகிறவன் நாலைந்து தப்படி தள்ளிப் பின்னால் நிற்பான். மெரில் டேட் அங்கே நின்றான். மூன்று வருஷம் ஆர்லோ அவனுக்குப் பந்து கொடுத்தான். தலைகீழாகப் பார்க்கக்கூடத் தேவையிருக்காது. கை வீசினால் மெரிலின் நெஞ்சுக்கு நேராகப் போய்ச் சேரும். மெரில் ஜெர்மன் காட்டில் செத்துப் போனான். அந்த அணியில் திரும்பி வந்து ஆடியவன் ஆர்லோ ஒருவன்தான். மற்றவர்கள் புதியவர்கள். பாதி பேர் வேறு ஊர்களிலிருந்து வந்த பழைய சிப்பாய்கள், மீதி பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கோச் ஸ்ட்ரவுட்டும் புது முறைக்கு மாறியிருந்தார். இப்போது பந்து வாங்குகிறவன் சென்டரின் முதுகோடு ஒட்டி நின்று, கையை நீட்டி வாங்கிக்கொள்வான். வீச வேண்டியதில்லை, கையில் வைத்தால் போதும். அந்த வேலை டுவேன் என்ற பையனுடையது. ஆர்லோவுக்கு அது மண்டையில் ஏறியது. கைக்குத்தான் ஏறவில்லை. களைத்துப்போனால் கை தன் பாட்டுக்கு வீசிவிடும். பந்து டுவேனின் கைகளுக்குக் கீழே நழுவி, ஆளில்லாத இடத்துக்குப் பறக்கும்.

"பெரிசு, எனக்குக் குடு. ஊருக்கெல்லாம் குடுக்காத!" என்று டுவேன் கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். ஆர்லோவும் சிரித்து வைப்பான்.

ஸ்ட்ரவுட் சிரிக்கவில்லை. அணி தோற்றுக்கொண்டே வந்தது. ஊர்ப் பெரிய மனுஷர்கள் முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்துகொண்டு, பையன்களுக்குத் துணிச்சல் போதாது என்று பேசினார்கள். துணிச்சலாம்! அவர்கள் போருக்குக் கொடுத்தது ரப்பர் திரட்டியபோது போட்ட பழைய டயர்தான்.

நவம்பர்க் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகை ஆட்டத்துக்கு முன்னால் ஸ்ட்ரவுட் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "கெஸ்லர், உன்ன மாதிரி முட்டுறவன் எனக்குக் கெடைக்க மாட்டான். ஆனா இன்னொரு தடவ பந்து பின்னால போச்சு, உன் இடம் பெஞ்சுல உக்காந்திருக்கிற அந்தச் சின்னப் பையனுக்கு. அப்புறம் என்னக் குத்தம் சொல்லாத."

"போகாது கோச்."

அன்று காலையிலிருந்தே பொடிப்பனி தூறியது. பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆட்டம். வருஷம் முழுக்கத் தோற்ற எங்கள் அணி, எப்படியோ கடைசிக் கட்டத்தில் முன்னால் இருந்தது. ஆர்லோ ஒரு தவறும் செய்யவில்லை. ஒவ்வொரு தடவை குனியும்போதும் 'கையில் வை, கையில் வை' என்று முணுமுணுத்துக்கொண்டான். முழங்கால் கெஞ்சியது. மூக்கில் ரத்தம் உறைந்திருந்தது. பந்து எங்கள் பக்கத்து எல்லைக் கோட்டுக்கு அருகிலேயே கிடந்தது. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரத்தை ஓட்டிவிட்டால் வெற்றி.

ஆர்லோ குனிந்தான். பந்து கொடுக்கச் சொல்லும் சங்கேத எண்களை டுவேன் கத்தினான். கை வீசியது.

விட்ட கணத்தில், அருமையாகப் போகிறது என்றே அவனுக்குத் தோன்றியது. நெஞ்சுக்கு நேராக, சுழன்று, அந்த நாளில் போன மாதிரியே போனது. எங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்து உருண்டது. எதிராளி ஒருவன் அதன்மேல் விழுந்து புரண்டான்; புள்ளிகள் அவர்களுக்கு, எங்கள் வெற்றி கைவிட்டுப் போயிற்று. பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்கள் பக்கம் கூரை பறக்கிற மாதிரி கூச்சல்.

டுவேன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அழுதுகொண்டிருந்தான். "யோவ், அங்க யாருய்யா நிக்கிறா? யாருக்குப் போட்ட?"

"மெரிலுக்கு."

"யாரு மெரில்?"

ஆர்லோ சுற்றிலும் பார்த்தான். சேறு அப்பிய முகங்கள் அவனையே பார்த்து விழித்தன. ஒருவனுக்கும் தெரியாது. இவர்கள் மேல் கோபப்பட அவனுக்கு நியாயம் இல்லை. இது இவர்களுடைய அணி. அவன் ஆட வந்த அணி எங்கேயும் இல்லை.

கோச் கூப்பிடுவதற்காக அவன் காத்திருக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி ஓரத்துக்கு நடந்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்த ஸ்ட்ரவுட் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பையன உள்ள அனுப்புங்க கோச். மெரில் நிக்கிறான்னு நெனச்சுக் குடுத்துட்டேன். எனக்கு... ரொம்பக் களைப்பா இருக்கு."

ஸ்ட்ரவுட் பெஞ்சிலிருந்த பையனை உள்ளே போகச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டார்.

"உக்காருடா. நீயாவது வந்து சேந்தியே, உக்காரு."

ஆர்லோ பெஞ்சில் உட்கார்ந்தான். ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும், நடீன் வந்து கையைப் பிடித்து எழுப்பும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.