எந்த ஷாஃப்ட்?

என் அண்ணன் அன்று தனிப் படகு பிடித்தது அம்மாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வதற்காக. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் ஆண்டர்சன்பேட்டையில், தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணனுக்குச் சிதம்பரத்தில் அரசாங்க உத்தியோகம். அங்கேயே பெண் எடுத்து, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டவன். யாராவது சொந்த ஊர் கேட்டால் "பெங்களூர் பக்கம்" என்பான். தங்கச் சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுத்து, தூசி தின்று அவனைப் படிக்க வைத்தவர் எங்கள் அப்பா. அது அவன் வாயில் வராது.

"ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டான். வேலூரிலும் விழுப்புரத்திலும் பஸ் மாறி, முதுகு ஒடிந்து போய்ச் சேர்ந்தோம். மறுநாளே அண்ணன் பேச்சை ஆரம்பித்தான்.

"அம்மா இனிமே எங்ககூடவே இருக்கட்டும். நீ ஒண்டியா எவ்வளவு நாள் பாத்துப்ப?"

பாசம் பொத்துக்கொண்டு வந்ததே என்று நானும் பார்த்தேன். அண்ணிக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா நின்றுவிட்டாள். இதை அண்ணன் சொல்லவில்லை. கொல்லைப்புறத்தில் அண்ணி பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அண்ணன் கேட்டால் "பாக்கலாம்" என்பாள். நான் கேட்டாலும் "பாக்கலாம்"தான். அம்மா இல்லாத வீட்டுக்குள் நான் மட்டும் சாவி போட்டுத் திறந்து நுழைவதை நினைக்கவே முடியவில்லை. அதை அழகாக எடுத்துச் சொல்லத் தெரியாததால் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், "அம்மாவுக்குப் பிச்சாவரத்தைக் காட்டிடலாம்" என்றான் அண்ணன். சதுப்பு நிலக் காட்டுக்குள்ளே படகில் போவதாம். சூரியன் இறங்கும்போது பார்க்க வேண்டுமாம். கூட்டத்தோடு கூட்டமாக இல்லாமல், நமக்கு மட்டும் தனியாக ஒரு படகு சொல்லி வைத்திருக்கிறானாம். "தனி போட்டு" என்று அவன் எத்தனை தடவை சொன்னான் என்று எண்ணவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

படகுக்காரன் எங்களுக்காகக் காத்திருந்து கடுப்பில் இருந்தான். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக நினைத்தவன் போலிருக்கிறது. அவனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அந்தப் படகில் என்னைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

அண்ணனும் அண்ணியும் ஒரு பலகையில். எதிர்ப் பலகையில் அம்மாவும் நானும். அம்மா இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

"இம்மாந் தண்ணியா!" என்றாள்.

"இதுக்கே சொல்றியேம்மா. அந்தப் பக்கம் போனா கடல்" என்றான் அண்ணன், ஏதோ அவன் வெட்டி விட்ட கடல் மாதிரி.

"குடிக்க ஆவுமா?"

"உப்புத் தண்ணிம்மா."

"அப்ப ஒரு கொடத்துக்குக்கூட ஆவாது" என்று அம்மா அதை அப்படியே தள்ளிவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்க பேத்தமங்களா ஏரித் தண்ணிய மோந்து அப்படியே குடிக்கலாம்" என்று அண்ணி காதில் விழும்படி சொன்னேன். அது பொய்தான். அந்த ஏரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு நாங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஆமா, வாரத்துக்கு ஒரு தடவை வரும், அதையும் சொல்லு" என்றான் அண்ணன்.

"வந்தாலும் வரலைன்னாலும் எங்க ஊரை எங்க ஊருன்னுதான் சொல்லுவோம். பெங்களூர் பக்கம்னு சொல்ல மாட்டோம்."

அண்ணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சூரியனைப் பாருங்க அத்தை" என்றாள். எல்லோரும் சூரியனைப் பார்த்தோம். சிவப்பாக, பெரிதாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அண்ணன் காட்டியதால் எனக்குப் பிடிக்கவில்லை.

படகு அகலமான தண்ணீரை விட்டு ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் மரங்கள். வேர்கள் சேற்றுக்கு வெளியே வந்து, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு நின்றன. கிளைகள் தலைக்கு மேல் பின்னிக்கொண்டிருந்ததால் உள்ளே வெளிச்சம் இல்லை. "குனிஞ்சுக்கங்க. கையை வெளியில நீட்டாதீங்க, தில்லை மரம் இருக்கு. பால் பட்டாக் கண்ணு போயிரும்" என்றான் படகுக்காரன். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பூமி அவ்வப்போது அதிரும். சுரங்கத்துக்குள் ஆழத்தில் எங்காவது பாறை வெடித்துச் சரியும். நாங்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே அலமாரியில் பாத்திரம் உருளும், சுவரில் விரிசல் விழும். வெளியூர்க்காரர்கள் வீட்டை விட்டு ஓடுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் "எந்த ஷாஃப்ட்?" என்று கேட்பார்கள். அடுத்தது "எந்த ஷிஃப்ட் உள்ளே?" என்று கேட்பார்கள். பிறகு போட்டது போட்டபடி அந்த ஷாஃப்ட்டின் வாசலுக்கு, அதாவது சுரங்கக் குழியின் வாய்க்கு, ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கூண்டு மேலே வரும்வரை, அவரவர் ஆள் அதிலிருந்து இறங்கும்வரை நிற்பார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் நல்லபடியாகத்தான் மேலே வந்தார். ஓய்வு பெற்று, இருமி இருமி, கட்டிலில்தான் போனார். அதன் பிறகும் அம்மா ஓடுவதை நிறுத்தவில்லை. "நம்ம வீட்ல யாரும்மா இப்ப உள்ள போறாங்க?" என்று நான் கத்துவேன். "யாராவது கீறாங்க இல்ல?" என்றபடி செருப்பைத் தேடுவாள். இரவில் தூங்கவும் மாட்டாள். எதிர் வீட்டுப் பையனுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் இவள் விழித்துக்கொண்டு கிடப்பாள்.

அந்த இருட்டு வாய்க்காலின் நடுவில் படகு தண்ணீருக்கு அடியில் ஏதோ ஒரு மரக்கட்டையில் மோதியது. பெரிய மோதல் இல்லை. ஆனால் படகுக்கு அடியில் இடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. படகு முழுக்க ஒரு தடவை அதிர்ந்தது.

"எந்த ஷாஃப்டு?" என்று அம்மா அலறினாள். "எந்த ஷிஃப்டு உள்ள கீறாங்க?"

அண்ணி சிரித்துவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று இன்று எழுதலாம். அன்று அவளைத் தண்ணீரில் தள்ளிவிடலாம் போல இருந்தது. திட்ட வாயைத் திறந்து திரும்பியவள் அண்ணனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஓடுவதற்கு ஒரு காலை எடுத்து வைத்திருந்தான்.

"சார், உக்காருங்க சார்! படகு கவுந்துரும்!" என்று படகுக்காரன் கத்தினான். அண்ணன் சட்டென்று உட்கார்ந்தான். இருட்டிலும் அவன் முகம் போன போக்கு தெரிந்தது. எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வசமாக மாட்டிக்கொண்டான் என்றுதான் தோன்றியது.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் எங்க ஓடப் பாத்தாருன்னு கேளுங்க" என்றேன். "பெங்களூர் பக்கம் இல்ல."

"வாய மூடுடி" என்றான் அண்ணன்.

அம்மா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. படகுக்காரன் பக்கம் திரும்பினாள்.

"ஏம்பா, இதுக்கு அடியில இன்னா கீது?"

"சேறுதாம்மா."

"அதுக்கும் அடியில?"

"அதுக்கும் கீழ சேறுதான்."

"ஆளுங்க?"

படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். "ஆளா? நண்டுதாம்மா இருக்கும்."

அண்ணி மறுபடியும் சிரித்தாள். இந்தத் தடவை நான் கோபப்படவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் கூட்டிவந்து, தனிப் படகில் உட்கார வைத்து, சூரியனைக் காட்டினாலும் அம்மா எங்கள் ஊர்க்காரிதான். இவளை இங்கே யாரால் கட்டி வைக்க முடியும்? திரும்பி வரும் வழியெல்லாம் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. கொக்குகள் கூட்டம் கூட்டமாக மரங்களில் வந்து இறங்கின. அப்போதுதான் அந்த இடம் எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

கரையில் இறங்கியதும், "காலைல முதல் பஸ்ஸைப் பிடிக்கணும். போன உடனே பையைக் கட்டிடலாம்மா" என்றேன், அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று.

"நீ போடி. நான் வரல" என்றாள் அம்மா.

எனக்குப் புரியவில்லை. "இவங்க எதுக்குக் கூப்பிடறாங்கன்னு தெரியுமா உனக்கு? ஆயா நின்னுட்டா. அதுக்குத்தான்" என்று எல்லோருக்கும் முன்னால் போட்டு உடைத்தேன். அண்ணி வேறு பக்கம் பார்த்தாள்.

"தெரியும்டி. கொழந்தய பாத்துக்கிறேன், இன்னா இப்போ?" என்றாள் அம்மா. பிறகு என் கையைப் பிடித்தாள். "இங்க கீழ யாரும் இல்லடி. கொஞ்ச நாள் தூங்கினு இருக்கேனே."

அண்ணன் முன்னால் நடந்தான். ஜெயித்தவனின் நடை அது என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

தனியாக ஊர் திரும்பினேன். சாவி போட்டு வீட்டைத் திறந்தேன். அதன் பிறகு சிதம்பரத்துக்குப் போகவில்லை. பொங்கலுக்கு வா என்றார்கள், குழந்தைக்குக் காது குத்துகிறோம் வா என்றார்கள். லீவு இல்லை என்றேன். அம்மாவிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். நன்றாகத் தூங்குவதாகச் சொல்வாள். அதைக் கேட்டால் எனக்கு எரியும். என்னோடு இருந்தபோது தூங்காதவள் அங்கே தூங்குகிறாள் என்றால் யாருக்குத்தான் எரியாது?

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். ஊரே இடிந்து உட்கார்ந்தது. எதிர் வீட்டுப் பையன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான். யாரிடம் பேசினாலும் சண்டையில்தான் முடிந்தது. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், எல்லா இடத்திலும் அடிதடி. நானும் என் பங்குக்குப் போட்டேன்.

மூடிச் சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், காலியான சுரங்கத்துக்குள் எங்கோ பாறை சரிந்து, பூமி அதிர்ந்தது. அலமாரியிலிருந்து சொம்பு உருண்டு விழுந்தது. அடுத்த நிமிஷம் நான் தெருவில் நின்றேன், வெறுங்காலோடு. தெருவில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். யாரும் எந்தப் பக்கமும் ஓடவில்லை. ஓடி யாருக்காக நிற்பது? உள்ளே யாரும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார்கள்.

நான் போகவில்லை. நேராகப் பூத்துக்குப் போனேன். அண்ணி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"ஏர் பிளாஸ்ட்டும்மா" என்றேன்.

"எந்த ஷாஃப்டு?" என்றாள்.

"எல்லா ஷாஃப்ட்டையும் மூடிட்டாங்களே, மறந்துட்டியா? உள்ள யாரும் இல்ல."

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"ஒருத்தர்கூட இல்லம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப வந்து கூட்டினு போடி" என்றாள்.

போன் கைமாறியது. "அம்மா அழுவுறாங்க. உள்ள போய்ப் பையை எடுக்குறாங்க. இன்னாடி சொன்ன அவங்ககிட்ட?" என்றான் அண்ணன்.

"கீழ யாரும் இல்லன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்தேன்.