அட்டை போன புத்தகங்கள்

என் அண்ணன் மனைவி சாகிராவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எல்லாம் யாரோ பிரிண்ட் எடுத்துக் கொடுத்த ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிற பேச்சு. அவளோடு ஒரே அடுப்படியில் பத்து வருஷம் நின்றவள் நான். என்னிடம் ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

சாகிராவின் அத்தா ஜமால் முகமது பெரம்பலூரில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். தமிழ் வாத்தியார் யாராவது இறந்துபோனால், நாற்பதாம் நாளுக்குள் அவர் பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்து மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். மாமா முதல் வேலையாக அட்டையைக் கிழித்துத் தனியாகக் கட்டுவார். அட்டைக்கு ஒரு விலை, உள்தாளுக்கு ஒரு விலை. அந்த உள்தாள் குவியலில் உட்கார்ந்து படித்து வளர்ந்தவள் சாகிரா. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், குவியலை நிறுத்த முடியவில்லை. பழைய அகப்பாட்டுகள், அதற்குப் பழைய உரைகள், காப்பியங்கள், குளிர்தேசத்து நாவல்களின் தடித்த மொழிபெயர்ப்புகள் என்று கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறாள். ஆனால் யார் எழுதியது, என்ன பெயர் என்று கேட்டால் பாதிக்குத் தெரியாது. அட்டையோடு அதெல்லாம் போய்விட்டது.

பெரிய ஆள் எழுதியது என்று தெரிந்தால்தானே பயம் வரும்? இவளுக்கு அந்தப் பயமே கிடையாது. படித்தது பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பாள்.

தொண்ணூற்றாறில் லப்பைக்குடிக்காட்டுக்கு எங்கள் வீட்டு மருமகளாக வந்தாள். சீரோடு ஒரு சாக்கு மூட்டையும் வந்தது. அம்மா அரிசி என்று நினைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதை எந்தப் பானையில் போட்டு ஆக்குவது என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. என் அண்ணன் அப்துல் சலாமுக்குச் சுற்று விருந்து முடிவதற்குள் விசா வந்துவிட்டது. சவூதியில் தம்மாமுக்குப் போனவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போவார். அந்தச் சம்பளத்தில் மாடியோடு வீடு எழும்பியது. எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படி எழும்பியதுதான். என் வீட்டுக்காரரும் குவைத்தில்தான். அடுத்த தெருவில் இருந்த நான் பாதி நாள் அம்மா வீட்டில்தான் கிடப்பேன்.

இரண்டாயிரத்தைந்து லீவில் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கேமராவில் முகம் பார்த்துப் பேசத்தான் அது. மற்ற நாளெல்லாம் பூப்போட்ட துணி மூடிக் கிடக்கும். சாகிரா அந்தத் துணியை எடுத்துவிட்டு, அம்மா என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வருகிற வித்தையைத் தானே கற்றுக்கொண்டாள். அடுத்த வருஷம் ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். வலைப்பூவின் பெயர் ‘அட்டை போன புத்தகங்கள்’. எழுதுகிறவள் பெயர் வெறும் ‘வாசகி’. எனக்கு மட்டும் படித்துக் காட்டுவாள்.

வாயைத் திறந்தால் வம்புதான். அகப்பாட்டில் தலைவிக்காக ஓயாமல் தூது போகிறாளே தோழி, அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சி உண்டா, உரை எழுதியவர் இத்தனை பேரில் ஒருத்தராவது அதைக் கேட்டாரா என்று ஒரு நாள் எழுதினாள். கனடாவிலிருந்து ஒருத்தர், சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர் என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வந்தார்கள். இவள் ஒரு கையால் குழம்பைக் கிண்டிவிட்டு வந்து இன்னொரு கையால் பதில் தட்டுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

நம் ஊரில் எவன் பார்க்கப்போகிறான் என்பது அவள் தைரியம். தெருவிலேயே நெட் கனெக்‌ஷன் இருந்தது இரண்டு மூன்று வீட்டில்தான். அவளும் நானும் யோசிக்காமல் விட்டது ஒன்று. ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் ஊரில் இல்லை. தம்மாமிலும் துபாயிலும் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தமிழில் என்ன கிடைத்தாலும் அள்ளிப் படித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அந்தப் பதிவை எழுதினாள். பாட்டில் வருகிற தலைவன் பொருள் தேடிப் பாலை கடந்து போகிறான். கார்காலத்தில் வந்துவிடுவேன் என்கிறான், தேரில் வருகிறான். அத்தோடு பாட்டு முடிந்துவிடுகிறது. தேரை விட்டு இறங்கினதும் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு புலவனும் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்று எழுதினாள். ‘எங்கள் ஊரிலும் தலைவன் பாலைக்குத்தான் போகிறான். வரும்போது தன் சொந்த வீட்டில் லைட் சுவிட்ச் எது என்று தெரியாமல் ஃபேனைப் போடுகிறான். விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி எனக்குச் சங்கடமாக இருக்கும். அடுத்த தடவை தடுமாறக்கூடாது என்று லைட் சுவிட்சில் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். பொட்டைப் பார்த்து லைட் போடுகிறவரோடு என்ன பேசுவது?’

படித்துக் காட்டி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் சுவிட்ச் தெரியாது.

முதல் பின்னூட்டம் பெயரில்லாமல் வந்தது. எந்த ஊர் என்று கேட்டிருந்தது. இவள் பதில் போடவில்லை. மறுநாள், உங்கள் ஊரில் வெள்ளாறு ஓடுகிறதா என்று வந்தது. அதற்கும் மறுநாள், ‘பாலத்துக்கு எந்தப் பக்கம் என்பதும் தெரியும்’ என்று வந்தது. கேள்விக்குறி இல்லை. அழித்துவிடு மச்சி என்று கெஞ்சினேன். எழுதியதில் பொய் எது என்று காட்டு, அழிக்கிறேன் என்றாள். கடைசியாக வந்தது ஒரே வரி. ‘ஆள் தெரிந்துவிட்டது.’

அதோடு நின்றது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. அந்த அமைதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. சாகிரா மட்டும் வழக்கம்போலச் சமைத்தாள், தொழுதாள், ஆனால் போன் அடித்தால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஃபைஸா வந்தாள். ஃபைஸா அரியலூர்ப் பெண், தமிழில் பி.ஏ. படித்தவள், எங்கள் ஊர் நர்சரி ஸ்கூலில் டீச்சர். அவள் மாப்பிள்ளை அப்துல் ஹாதி தம்மாமில் என் அண்ணனோடு ஒரே ரூம். வந்தவள் உட்காரவே இல்லை. யாரோ நெட்டில் வீட்டு விஷயத்தை எழுதியிருக்கிறாளாம், எழுதியது ஃபைஸாதான் என்று ஹாதி சொல்கிறாராம். அவளை அவள் அத்தா வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று தன் அத்தாவுக்குப் போன் போட்டுவிட்டாராம், அந்தப் பதிவை யாரோ பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறார்களாம். ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமாம்.

“எனக்குக் கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கவே தெரியாது மச்சி. ஊர்ல தமிழ் படிச்சவ நான் ஒருத்திதானேங்கிறாங்க. சலாம் அண்ணன்கிட்ட சொல்லி அவருக்கு எடுத்துச் சொல்லச் சொல்லுங்க.”

எந்த வீட்டுக்கு வந்து உதவி கேட்கிறாள் பாருங்கள்! சாகிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வெள்ளிக்கிழமை, நான் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கேமராவில் அண்ணன் முகம் தெரிந்தது. நான் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நலம் விசாரித்து முடிக்கக்கூட விடவில்லை இவள்.

“அதை எழுதினது ஃபைஸா இல்லைங்க மச்சான்.”

“தெரியும்.”

அண்ணன் திரும்பி ஒரு தடவை பின்னால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“செவப்புப் பொட்டுன்னு படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. ரூம்ல அத்தனை பேரும் அது தன் வூடோ தன் வூடோன்னு ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கிட்டு இருந்தானுங்க. கேள்வி கேட்டு எழுதினதும் அவனுங்கதான். நானும் யாரையாவது சொல்லணும்ல? ஃபைஸா படிச்சவ, சமாளிச்சுக்குவா. நீ அதை அழிச்சுட்டுக் கம்முனு இரு.”

என் கூடப்பிறந்தவர்தான். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்து ஆற்றுக்கு அழைத்துப் போனவர்தான். அன்றைக்கு அந்தத் திரையில் பார்த்த முகத்தை எனக்குப் பிடிக்கவில்லை. சாகிரா கம்ப்யூட்டரை அணைத்தாள், பூத்துணியை இழுத்து மூடினாள், புர்காவை மாட்டினாள். எங்கே என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டபோது வாசலைத் தாண்டிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஹாதி வீட்டு வாசலில் அரியலூர் போக டாக்சி நின்றது. ஃபைஸாவின் பெட்டி படியில் இருந்தது. உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. சாகிரா அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அதை எழுதியது நான் என்றாள். ஹாதியின் அத்தா நம்பவில்லை. உன் மாப்பிள்ளையே ஃபைஸா பெயரைச் சொல்லியிருக்கிறார், பத்தாவது படித்த நீ எதற்கம்மா அவளுக்குப் பரிந்துகொண்டு வருகிறாய் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பாவம்.

“அந்தக் காயிதம் உங்ககிட்ட இருக்குல்ல மாமா? எடுத்துக்கிட்டு எங்க வூட்டுக்கு வாங்க.”

அவர் வந்தார். எங்கள் ஹாலில் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றார். காகிதத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். அல்லாவே என்று சொல்லிவிட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஃபைஸாவை ஏற்றாமலே டாக்சி திரும்பிப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே தம்மாமுக்குச் செய்தி போய்விட்டது. அடுத்து வந்த போனை அம்மா எடுத்தாள். அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாராம், வைத்துவிட்டாராம். சாகிராவைக் கூப்பிடச் சொல்லவில்லை. லீவு இல்லாமல் அண்ணன் வந்ததே கிடையாது, அத்தா மௌத்தாகி அடக்கம் செய்தபோதுகூட வரவில்லை. அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சாகிரா ஆக்கிய சோற்றைத் தொடுவதை நிறுத்தினாள். தெருப் பெண்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள்.

சாகிரா பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த அந்தச் சாக்கைத் தேடி எடுத்து, புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேள், பதிவை அழி, உன்னைப் பெரம்பலூருக்கு அனுப்பிவிடப் போகிறார் என்று அழுதேன்.

“ஃபைஸா வூட்டுப் படியில அந்தப் பெட்டியைப் பாத்தீல்ல?” என்றாள். “நியாயமா அது இந்தப் படியிலதான் இருக்கணும். இருந்துட்டுப் போவுது.”

அவர் வருகிற நாள் மத்தியானம் ஹாலில் பிளேடால் எதையோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தரையைப் பெருக்கும்போது சிவப்பாகப் பொடிப்பொடியாக விளக்குமாற்றில் வந்தது.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது திருச்சி ஏர்போர்ட் கார் வாசலில் நின்றது. ஒவ்வொரு தடவையும் கார் மேலே பெட்டிகள் கயிறு கட்டி வரும். இந்தத் தடவை கார் மேலே ஒன்றும் இல்லை. கையில் ஒரு சின்னப் பையோடு அண்ணன் இறங்கினார். யாருக்கும் சலாம் சொல்லவில்லை. அம்மா முற்றத்திலேயே நின்றுவிட்டாள். ஹாலில் யாரும் லைட் போட்டிருக்கவில்லை. நிலைப்படிக்குப் பக்கத்தில் கட்டி வைத்த சாக்கு, அடுப்படி வாசலில் சாகிரா.

அண்ணன் சாக்கைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவிட்ச் போர்டுக்குப் போய்க் கையை வைத்தார். கை அங்கேயே நின்றது. குனிந்து பார்த்தார், விரலால் ஒவ்வொரு சுவிட்சாகத் தடவினார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

“லைட்டு எது?”

“ஃபைஸாவைக் கேளுங்க மச்சான்,” என்றாள் சாகிரா. “அதை எழுதினது அவதானே.”

அண்ணன் கைக்குக் கிடைத்த சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றியது.