சமையற்கட்டில் ஒரு சுவிட்ச்

மாலை நாலு பத்துக்குச் செய்தி வந்தபோது அக்கா செல்களோடு பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி மறைப்புக்குள் கையுறைக் கைகளை நீட்டி, தட்டுகளில் பழைய நீரை உறிஞ்சிவிட்டுப் புதுச் சத்துநீர் விடும்போதெல்லாம் இப்படித்தான். "குடிங்க, குடிங்க. நேத்து மாதிரி முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க." பத்தொன்பது வருடமாக அந்த ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர். பேராசிரியருக்கும் அவர் அக்காதான்.

தட்டுகளில் இருப்பவை அட்ரீனல் சுரப்பியின் செல்கள். மூளைக்கு அடியிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து தட்டினால், இவற்றுக்குள் உறங்கும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், ஸ்டீராய்டு தயாராகும். அவற்றில் ஒரு மரபணுவுக்கு மட்டும் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் டிஎன்ஏ துண்டை, மின்மினியின் ஒளி மரபணுவோடு ஒட்டிச் செல்லுக்குள் விட்டார்கள். சுவிட்ச் அந்தத் துண்டில் இருந்தால் செல் ஒளிர வேண்டும். இரண்டு வருடமாக இருட்டு. மாதக் கடைசியோடு இந்த ஆய்வை மூடிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அவர் அப்படிச் சொன்ன அன்று, தேநீர் வேளையில்தான் அக்கா வாயைத் திறந்தார்.

"வாசல்லயே தேடுறீங்களே மேடம். எங்க வீட்டு வாசல் லைட்டுக்கு சுவிட்ச் சமையல்கட்டுல இருக்கு."

"யாருக்கா வயரிங் பண்ணது?"

"வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான். ஊர்ல எல்லாருக்கும் ஒழுங்கா இழுப்பார், சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டார். கேட்டா, 'நீ எந்நேரமும் அங்கதானே நிக்கிற, அங்கிருந்தே போட்டுக்கோ'ம்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார். மரபணுவுக்கு வெகு தொலைவிலிருந்து வெட்டிய நீளத் துண்டு ஒன்று, ஒன்றுக்கும் உதவாது என்று உறைபெட்டியில் கிடந்தது. "சரிக்கா. கடைசியா அதையும் ஒட்டிப் பார்த்துடலாம். சரிப்படலேன்னா மூடிடுவோம்."

மூன்று வாரம் அக்கா அந்தத் தட்டுகளை வேறு யாரையும் தொட விடவில்லை.

இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பேராசிரியர் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அக்கா, வெளிச்சம் நாப்பது மடங்கு."

அக்கா திரும்பவில்லை. "ஹார்மோன் விடாத தட்டு?"

"இருட்டு."

"ரெண்டாவது தடவை?"

"மூணு தடவை பார்த்துட்டேன். அதேதான். சுவிட்ச் அங்கதான் இருக்கு."

கையில் இருந்த தட்டை முடித்து மூடி, உடல் சூட்டைப் போல இதமாயிருக்கும் வளர்ப்பு அலமாரிக்குள் வைத்த பிறகுதான் அக்கா கையுறையைக் கழற்றினார். பிறகு சிரித்தார், வராந்தாவரை கேட்கும் சிரிப்பு. "பதினஞ்சு வருஷமா அந்த மனுஷனைக் கேலி பண்ணியிருக்கேன் மேடம். இன்னிக்கு இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டார்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "கட்டுரைல வயரிங்காரர் பேரும் போடணும்."

"உங்க பேரு முதல்ல வரும், அக்கா."

வீட்டுக்குப் போனதும் அக்கா பையைக்கூட இறக்காமல் சமையற்கட்டுக்குச் சென்று சுவிட்சைத் தட்டினார். வாசலில் விளக்கு எரிந்தது. எட்டு மாதம் முன்பு, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில், கணவர் மாற்றிய சுவிட்ச் பலகை அது. மேல் திருகாணியை மட்டும் முடுக்கியிருந்தார். கீழ்த் திருகாணி இன்னும் அலமாரியில், ஒரு புட்டி மூடிக்குள் இருக்கிறது.