பாதித் தலை

கிண்ணத்தில் சாயப்பொடியைக் கரைத்ததும் அந்த வாடை எழுந்தது. உடனே போய் வாசல் கதவைத் தாழிட்டு வந்தேன். இருந்தாலும் காது தெருவிலேயே இருக்கிறது.

இந்த வாடையை முதன்முதலில் முகர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அல்லிநகரத்து வீட்டுக்கு, அக்காவைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்பு வந்தவர்கள் நரைத்த அப்பாவைப் பார்த்து, "பொண்ணுக்குத் தாத்தாவா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் அன்று அப்பா பின்வாசலில் குந்தியிருக்க, அம்மா பழைய டூத் பிரஷ்ஷால் பின்னந்தலையிலிருந்து சாயம் பூசிக்கொண்டு வந்தாள். பாதிகூட முடியவில்லை, ஜீப் சத்தம் கேட்டது. பஸ்ஸில் வருவதாகச் சொன்னவர்கள் ஜீப் பிடித்து வந்துவிட்டார்கள்.

"ஏங்க, வந்துட்டாக!"

அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினார். பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் தலைக்கட்டோடு நிற்பது எங்கள் பக்கம் மரியாதைக்குறைவு. மாப்பிள்ளையின் அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா துண்டை அவிழ்த்தார். முன்னால் வெள்ளை, பின்னால் கறுப்பு, காதோரம் வழிகிற சாயம்.

பிறகு மாப்பிள்ளையின் அப்பாதான் சொன்னார்: "மிச்சத்தையும் அடிச்சிட்டு வாங்க சம்பந்தி. நாங்க எங்கன போயிரப்போறோம்?"

இன்று என் மகளைப் பார்க்க வருகிறார்கள். நாலு மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் முன்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.