புளியறை ரோட்டில் பிறந்த யாளி

ஆனி மாதச் சாரலில் ஒரு நாள் காலை எனக்குப் போன் வந்தது. செங்கோட்டைப் பக்கம் கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. புளியறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்து வீடு ஒன்றில், வெள்ளாடு முதல் குட்டியை ஈன்றுவிட்டு அடுத்ததை ஈன முடியாமல் கிடக்கிறதாம். பேசியவள் அந்த வீட்டு மருமகள். “தல தெரியுது டாக்டரம்மா. ஆனா தல மாதிரி இல்ல. நீங்க வந்து பாருங்க” என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள்தான் ஆட்டைப் பிடித்துக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. கணவன் கொல்லத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். மாமியார் கொல்லை வாசலில் நின்றபடி, மாசமா இருக்கவ இதையெல்லாம் பிடிக்கக்கூடாது என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் வேறு யார் பிடித்தாலும் அந்த ஆடு உதைக்கும் போலிருந்தது. அவளையே பிடிக்கச் சொல்லிவிட்டுக் குட்டியை இழுத்தேன்.

வெளியே வந்ததைப் பார்த்து ஒரு கணம் எனக்கே கை நின்றுவிட்டது. முகத்தின் நடுவில் ஒரே ஒரு கண். கறுத்து, ஈரமாக, பெரிதாக இருந்தது. அதற்கு மேலே நெற்றியிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துதிக்கை தொங்கியது. மேல்தாடை உள்ளே அமுங்கி, கீழ்த்தாடை வளைந்து மேலேறியிருந்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் சரியாக இருந்தன. நாலு காலும் குளம்பும் பழுப்பு மயிரும் அழகான வெள்ளாட்டுக் குட்டிக்குரியவை.

கல்லூரியில் இப்படி ஒன்றைக் கண்ணாடி ஜாடிக்குள் பார்த்திருக்கிறேன். கரு உருவாகும் தொடக்கத்திலேயே மூளை இரண்டாகப் பிரியாமல் நின்றுவிட்டால் கண்ணும் ஒன்றாகவே தங்கிவிடும். மூக்காக வேண்டிய சதை கீழே இறங்க வழியில்லாமல் கண்ணுக்கு மேலே தொங்கும். ஏன் அப்படி நிற்கிறது என்பதற்கு ஒவ்வொரு முறையும் காரணம் சொல்ல முடிவதில்லை. ஜாடிக்குள் இருந்தது வெளுத்துப்போய் ரப்பர் பொம்மை போலிருந்தது. இது வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்து, சத்தத்தோடு.

பிழைக்காது என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, பழைய துண்டு ஒன்றால் அதைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ள வந்திரு, அத பாக்கப்படாது என்று மாமியார் சொன்னதற்கு, “பாத்தாச்சு அத்த” என்று மட்டும் பதில் சொன்னாள்.

நான் தாய் ஆட்டுக்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ரோட்டில் கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்கு வரிசையில் நின்ற லாரிகளிலிருந்துகூட ஆட்கள் இறங்கி வந்தார்கள். எல்லோர் கையிலும் போன். பிள்ளையாரே பிறந்திருக்கிறார் என்று ஒருவர் சொல்ல, ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மறுத்தார். “ஏலே, பிள்ளையாருக்கு ஒத்தக் கண்ணா? இது யாளில்லா” என்றார். ஆட்டுடம்பு, யானைத் துதிக்கை, கோயில் தூணில் இருப்பது இதுதான் என்று அவர் விளக்கியதும் மற்றவர்களுக்கும் அது பொருத்தமாகப் பட்டது. யாரோ குங்குமம் வைத்தார்கள். உச்சிப்பொழுதுக்கு முன்பே அது மூச்சை விட்டுவிட்டது.

புதைத்த இடத்தில் ஒரு கல்லாவது நட வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார். என் கொல்லையில் கோயிலும் வேண்டாம் கும்பலும் வேண்டாம் என்று மாமியார் முடித்துவிட்டாள்.

அன்று வீடு திரும்பும்போதே என் மனதில் ஒரு கேள்வி ஏறிக்கொண்டது. அண்ணாச்சி சொன்னதை வைத்துப் பார்த்தால், எந்தக் காலத்திலோ ஒரு சிற்பி இப்படிப்பட்ட குட்டியைப் பார்த்துத்தான் யாளியைச் செதுக்கினானோ? எத்தனையோ முறை கோயிலுக்குப் போயிருக்கிறேன். யாளிக்குக் குளம்பா நகமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மருத்துவம் படித்தவளுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

சில நாள் கழித்து, உயிரோடிருந்த முதல் குட்டிக்குக் கழிச்சல் என்று அதைத் தூக்கிக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். மருந்து கொடுத்த பிறகும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவளைப் போகச் சொல்லி நர்ஸும் சொல்லியாகிவிட்டது, கணவனும் போனில் திட்டியாகிவிட்டது. அவள்தான் மழை, ஆட்டுக்கு முடியவில்லை என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியிருந்தார்கள். அந்தக் குட்டியை அவள் மடியில் வைத்திருக்கக்கூடாதாம்.

“படத்துல அது மூஞ்சி வந்துருச்சுன்னா நான் என்ன செய்வேன்?” என்றாள்.

பார்ப்பதால் ஒன்றும் ஒட்டிக்கொள்ளாது என்று எனக்குத் தெரிந்த விதமாகவெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை. எழுந்து போகும்போது, அண்ணாச்சி சொன்ன யாளி நிஜமாகவே அப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். கோயிலுக்குப் போயிருக்கேன், தூணையெல்லாம் யாரு பாத்தா என்றாள். நானும் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். சனிக்கிழமை இருவருமாகத் தென்காசிக் கோயிலுக்குப் போவது என்று அங்கேயே முடிவாயிற்று.

அவள் பஸ்ஸில் வந்திறங்கினாள். கோபுர வாசலில் காற்று சேலையை இழுத்தது. ஒரு கையால் முந்தானையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாமியைக் கும்பிட்டுவிட்டு யாளி நின்ற தூணுக்கு வந்தோம்.

என் கேள்விக்கு உடனே பாதி பதில் கிடைத்தது. குளம்பு இல்லை, நகம். சிங்கத்தின் பாதம், விரிந்த விரல்கள், அதனடியில் நாய்க்குட்டி அளவுக்கு ஒரு யானை. துதிக்கையும் தந்தமும் கோரைப்பல்லும் ஒரே வாயில் எப்படி அடங்கின என்று நான் தாடையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூணைச் சுற்றி வந்தாள். எதிர்ப்பக்கம் போய் நின்று முகத்தைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து அதன் பாதத்தில் கை வைத்தாள்.

“கண்ணு ரெண்டுல்லா இருக்கு” என்றாள். “இது நல்லா தின்னு வளந்தது டாக்டரம்மா. யானையவே மிதிச்சுக்கிட்டு நிக்குது. நம்ம குட்டிக்கு ஒரு சொட்டுப் பால் இறங்கல.”

பாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“அது யாளியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆட்டுக்குட்டிதான். மூஞ்சி மட்டும் முடியாம போச்சு.”

நான் பாடப்புத்தகத்து வார்த்தைகளில் அன்று சொல்லிப் புரியவைக்க முயன்றதும் கிட்டத்தட்ட இதேதான். அவளாகப் பார்த்து அவளாகச் சொன்ன பிறகுதான் அது அவளுக்குப் பிடிபட்டது. சிற்பி அப்படியொரு குட்டியைப் பார்த்திருப்பானோ என்ற என் யோசனையை மட்டும் நான் முழுதாகக் கைவிடவில்லை. பார்த்திருந்தாலும், அவன் அதை அப்படியே செதுக்கவில்லை. எந்த மிருகத்திடம் எது பலமோ அதை எடுத்துச் சேர்த்திருக்கிறான்.

வெளியே வந்ததும் இன்றைக்கே ஸ்கேனுக்குப் போய்விடலாமா என்று அவள் கேட்டாள். சீட்டு இத்தனை நாளும் பைக்குள்ளேயே இருந்தது. பஜாரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய், தண்ணீர் பாட்டிலோடு முறைக்காகக் காத்திருந்தோம். பயத்தில் இருப்பாள் என்று நான் ஏதாவது பேசப் பார்த்தால், அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். “யாளி குட்டி போடுமா, முட்டை போடுமா?” என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். குட்டிதான் போடும், சிங்கமும் யானையும் குட்டி போடுபவைதானே என்றேன். அப்படியானால் பால் கொடுக்க மடி எங்கே, நான் பார்த்தவரை இல்லையே என்றாள். எனக்கும் தென்பட்டிருக்கவில்லை.

அவளுக்குத் துணையாக நானும் உள்ளே போனேன். டாக்டர் கருவியை வயிற்றில் வைத்த கையோடு, “ரெண்டு கண்ணும் இருக்கா?” என்று அவள் கேட்டுவிட்டாள். அந்த டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரையைத் திருப்பி, இது ஒரு கண், இது இன்னொரு கண், இது மூக்கு, இது உதடு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். சாம்பல் நிற மேகம் போலிருந்த அதில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, மூக்கு மட்டும் எங்க அத்தைய மாதிரி இருக்கு என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள்.

கார்த்திகையில் குழந்தை பிறந்தது. அடுத்த ஆனியில் அதே ஆடு இரண்டு நல்ல குட்டிகளை ஈன்றது. டீக்கடை அண்ணாச்சி மட்டும் போனில் இருக்கும் படத்தைக் கேரளாக்காரர்களுக்குக் காட்டி, இங்கன ஒரு யாளி பிறந்துச்சு என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் எந்தக் கோயிலுக்குப் போனாலும் தூண்களுக்குக் கீழே குனிந்து மடி தேடுகிறேன். சிவகிரிப் பக்கம் ஒரு சிறிய கோயிலில் யாளியின் வயிற்றடியில் புடைப்பாக ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. சுண்ணாம்பு அப்பியிருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.