இறுவட்டில் ஏறாத குரல்

ஒரு தாயின் குரலை அவருடைய மகனுக்குக் கொடுக்காமல் நான் ஒளித்து வைத்திருக்கிறேன். பதிவாகவே இல்லை என்று அவனிடம் சொன்னேன். பொய்! பதிவாகியிருந்தது. இன்றும் என் கணினியில் பத்திரமாக இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் பரவாயில்லை. ஆனால் இருங்கள்... இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் என் கணினிக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதுதான் என் வீடு. கைப்பேசிக்குள் எல்லாம் அடங்கிவிட்ட இந்தக் காலத்துக்கு முன், பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் என் கடையில் வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய கருத்தரங்குகளுக்குச் சிலைட் செய்து, அதை இறுவட்டில், அதாவது சீடியில், எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

வருகிற பிள்ளைகளிடமெல்லாம் ஒரு பாடம் ஒப்புவிப்பேன். "சிலைட்டை மட்டும் இழுத்துச் சீடியிலை போட்டிட்டுப் போகாதையுங்கோ. பாட்டும் வீடியோவும் அதுக்குள்ளை இல்லை, வெளியிலை நிக்குது. எல்லாத்தையும் சேர்த்துப் பொதி கட்டித்தான் எழுதோணும்!" என்பேன். அப்படிப் பொதி கட்டுவதற்கென்றே கணினியில் ஒரு கட்டளை உண்டு. அதை அமத்தாதவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். பெரிய கெட்டிக்காரன் அல்லவா நான்!

அந்த நாட்களில்தான் திரேசம்மா வந்தார். மயிலிட்டிக்காரர். இராணுவம் அந்த ஊருக்குள் போக விடாத காலம் அது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியே இருந்தார். ஒரு பொலித்தீன் பையில் படங்கள் கொண்டு வந்திருந்தார். கலியாணப் படம், கணவர் வள்ளத்தில் நிற்கும் படம், ஒரே மகன் அன்ரன் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த அன்று வெள்ளைச் சட்டையோடு நிற்கும் படம். இவற்றை எல்லாம் சிலைட்டாக்கி, கடைசியில் தன்னுடைய குரலையும் சேர்த்து, பாரிஸில் இருக்கும் அன்ரனுக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

"ஏன் அம்மா, ரெலிபோனிலை கதைக்கலாமே?" என்று கேட்டேன்.

"அவனோடை நான் கதைக்கிறேல்லை, தம்பி. இப்பவும் போனிலை கதைக்கேலாது. அவன் அழுதா எனக்குக் கதை வராது" என்றார்.

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. ஒரு விடியற்காலை, தந்தையோடு கடல் தொழிலுக்குப் போகவேண்டிய அன்ரன், ஒருவருக்கும் சொல்லாமல், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு கொழும்புக்கு ஏறிவிட்டான். தந்தை தனியே கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அன்றிலிருந்து மகன் தொலைபேசி எடுத்தால் இந்த அம்மா பேசுவதில்லை. பக்கத்து வீட்டார் கையில் கொடுத்துவிடுவாராம். அவனுக்கோ அங்கே நிரந்தர விசா கிடைக்கவில்லை, வரவும் வழியில்லை.

மைக்கை முன்னால் வைத்து, திரையை இழுத்துவிட்டு, நான் மற்றப் பக்கம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். பிறகு சொன்னார்:

"அன்ரன்... மோனை, சாப்பிட்டியோ? கொப்பர் போனது உன்ரை பிழையில்லை மோனை. நீயும் கூடப் போயிருந்தா இண்டைக்கு எனக்கு ரெண்டு பேரும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடிச்சுது. என்னிலை கோவிக்காதை. நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குள்ளை வெறுந்தலையோடை திரியாதை."

அவ்வளவுதான். சிலைட்டில் பொருத்தி அவருக்கே போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவனுக்கும் உப்பிடியே கேக்குமோ, தம்பி?"

"ஓம் அம்மா. பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்கும்."

வாக்குக் கொடுத்தேன்! நீங்கள் கவனித்தீர்களா? வாக்குக் கொடுத்தேன்.

இறுவட்டில் எழுதும்போது கடை நிறைய வளாகத்துப் பிள்ளைகள். மின்சாரம் போகப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். "அண்ணை, எங்கடையைக் கெதியா முடியுங்கோ" என்று நச்சரிப்பு. நானும் அவர்களோடு பகிடி விட்டுக்கொண்டே, சிலைட்டை மட்டும் இழுத்து இறுவட்டில் போட்டேன். பொதி கட்டவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன நான்...!

எழுதி முடித்ததும் சரிபார்க்கவும் செய்தேன். குரல் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? அதே கணினி அல்லவா! குரல் இறுவட்டில் இருந்து வரவில்லை, என் கணினிக்குள் இருந்து வந்தது. சோறு எங்கள் அடுப்படியில் இருக்கிறது என்று துண்டு எழுதி, வெறும் சோற்றுக் கோப்பையை வெளிநாட்டுக்கு அனுப்பியது போன்ற வேலை. பாரிஸுக்குப் புறப்பட்ட ஓர் உறவினர் கையில் அந்த இறுவட்டுப் போனது.

அது போய்ச் சேர்வதற்குள் திரேசம்மா காய்ச்சலில் படுத்தார். ஆசுபத்திரியில் இருந்து திரும்பி வரவில்லை. சவ அடக்கத்துக்கு அன்ரனால் வர முடியவில்லை. அதன் பிறகுதான் அவன் அந்த இறுவட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

என் கடைக்குத் தொலைபேசி எடுத்தான். முதன்முதலாக அவன் குரலைக் கேட்டேன்.

"அண்ணை, படமெல்லாம் வருது. கடைசியிலை அம்மான்ரை படத்துக்குக் கீழை ஒரு ஸ்பீக்கர் மாதிரி நிக்குது. அமத்தி அமத்திப் பாக்கிறன்... ஒண்டும் கேக்குதில்லை."

உடனே விளங்கிவிட்டது எனக்கு. அந்த நொடியே! "தம்பி, என்ரை பிழை. குரல் என்னட்டை இருக்கு, இப்பவே அனுப்பிறன்" என்று சொல்ல எத்தனை நேரம் பிடித்திருக்கும்? கடையில் மாணவர்கள் நின்றார்கள். என்னிடம் பாடம் கேட்ட அதே பிள்ளைகள். அவர்கள் முன்னால் பிழை என்று எப்படிச் சொல்வது? அந்த அற்பப் பெருமைக்காக நான் சொன்னதைக் கேளுங்கள்:

"அம்மா மைக்குக்குத் தள்ளி இருந்து கதைச்சவ, தம்பி. குரல் விழேல்லைப் போலை."

செத்துப்போன அந்த மனுசியின் தலையில் பழியைப் போட்டேன். சீ! அவர் மைக்குக்கு எவ்வளவு கிட்ட இருந்தார் தெரியுமா? அவருடைய மூச்சுக்கூட அதில் பதிவாகியிருக்கிறது.

அவன் மெல்லக் கேட்டான். "நீங்கள் கேட்டனீங்களோ, அண்ணை? என்ன சொன்னவ?"

"நான் வெளியிலை நிண்டனான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டேன் என்றால் பதிவானது என்றாகிவிடும். ஒரு பொய்க்கு முண்டு கொடுக்க இன்னொரு பொய். நாளைக்கு அனுப்பிவிடலாம், தேடி எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்... நீங்கள் நம்புவீர்களா?

மறுநாள் மத்தியானம், கடைக்கதவைச் சாத்திவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று கணினியில் அந்தக் குரல்பதிவைத் திறந்தேன். என் முன்னால் சோற்றுப் பார்சல் பிரித்தபடி கிடந்தது.

"மோனை, சாப்பிட்டியோ?"

என் கை அப்படியே நின்றது.

எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே என் தாய் போய்விட்டார். அவர் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சகோதரர்கள் வெளிநாட்டில். வருடப் பிறப்புக்குத் தொலைபேசி எடுப்பார்கள், காணியைப் பற்றிக் கேட்பார்கள், வைத்துவிடுவார்கள். கலியாணம் சரிவரவில்லை. நாள் முழுக்க ஆட்கள் வந்துபோகும் கடையில், என்னைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் உயிர் இல்லை.

அன்று அனுப்பவில்லை. அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும்... பிறகு ஒரு கேவலமான வித்தையைக் கண்டுபிடித்தேன். "அன்ரன்" என்ற பெயர் முடிகிற இடத்தில் நிறுத்தி, அதற்கு அடுத்த சொல்லிலிருந்து ஓடவிடுவேன். அப்போது அந்தத் தாய் என்னோடு பேசுவார். ஓம் அம்மா, சாப்பிடுறன் என்று வாய்விட்டுப் பதில் சொல்லியும் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் சரி!

இறுவட்டை எழுதியதில் நடந்தது பிழை. யாருக்கும் நடக்கும். அதற்குப் பிறகு நான் செய்தது களவு. கணினிகள் பழுதாகின, மாற்றினேன். ஒவ்வொரு முறையும் புதிய கணினிக்கு முதலில் ஏற்றியது அந்தக் குரலைத்தான். அன்ரனின் தாயை நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அவன் வந்தான். விசா கிடைத்து, மயிலிட்டியும் திறந்து, தகப்பனின் காணியில் பற்றை வெட்டிவிட்டு, அம்மாவின் கல்லறைக்கும் போய்விட்டு, ஒரு சொக்கிலேற் பெட்டியோடு என் கடை வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. தான் யார் என்று சொன்னான். கேட்கப்போகிறான், இன்றைக்கு எல்லாம் வெளியே வரப்போகிறது என்று பயந்தேன். வரட்டும் என்றும் ஒரு மனம் கெஞ்சியது.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான் கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, எனக்குத் தெரியும். அம்மான்ரை குரல் விழாமல் இல்லை. நீங்கள்தான் அழிச்சனீங்கள்."

என் கண் கணினிப் பக்கம் போனது.

"அம்மா என்னை என்ன சொல்லித் திட்டியிருப்பா எண்டு எனக்குத் தெரியாதோ? அப்பாவைச் சாகக் குடுத்தவன் எண்டுதான் சொல்லியிருப்பா. அதை நான் கேக்கக்கூடாது எண்டு இரக்கப்பட்டு அழிச்சிருக்கிறியள். கேட்டிருந்தா நான் அங்கை தனிய இருந்து ஏதும் செய்திருப்பன், அண்ணை. நீங்கள் பெரிய மனுசன்."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அழுதான். நான் வாயைத் திறந்தேன். கணினி பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரல் அசைந்தால் போதும், அவனுடைய தாய் அந்த அறைக்குள் வந்துவிடுவார். அவனுடைய பாதி வாழ்நாள் பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

அப்படி இறங்கினால் அவன் என் கைகளை விட்டுவிடுவான்.

நான் தலையை ஆட்டினேன். ஓம், இரக்கப்பட்டுத்தான் அழித்தேன் என்று ஆட்டினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் பாரிஸிலிருந்து அழைக்கிறான். அங்கே அவனுக்கும் யாரும் இல்லை. தாய் தன்னைச் சபித்துவிட்டே போனாள் என்ற நம்பிக்கையோடு, என்னுடைய உடம்பு சுகமா, மருந்து குடித்தேனா என்று விசாரிக்கிறான். நானும் விசாரிக்கிறேன். அவனுக்கு நான் நல்ல அண்ணை.